பேரெண்ணின் வர்க்கமூலம்

பேரெண்ணுக்கு அறுநூற்றுப் பதினேழு இலக்கங்கள். கறுப்புக் கிரானைட்டில் செதுக்கி, மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, மாலையானால் நீல விளக்கும் போட்டார்கள். பள்ளிகளில் அதை ஒப்பிக்கும் போட்டி நடந்தது. முதல் பரிசு வாங்கிய சிறுமி மூச்சு விடாமல் நானூற்றுப் பத்தாவது இலக்கம் வரை போய் மயங்கி விழுந்தாள். அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். "பேரெண்ணுக்குப் பெருமை முதல் இலக்கத்தாலா, கடைசி இலக்கத்தாலா?" என்று பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். நடுவர் வழக்கம்போல இரண்டாலும்தான் என்றார். ஒரு மாவட்டத்துக் கல்லில் இருநூற்றுப் பன்னிரண்டாவது இலக்கத்தைச் சிற்பி மாற்றிச் செதுக்கிவிட்டார். இரண்டு வருடம் அந்தத் தவறான எண்ணுக்குத்தான் மாலை விழுந்தது. எண் கோபித்துக்கொள்ளவில்லை.

இத்தனை மரியாதைக்கும் காரணம் எளிது. இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்தது பேரெண். எந்த இரண்டு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையின்மேல்தான் மாநிலத்தில் மூன்று கோடிப் பேருடைய கையெழுத்தும் நின்றது. காகிதத்தை ஒழித்தாயிற்று. கைப்பேசியில் விரலை வைத்தால் கையெழுத்து. சரிபார்க்கும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் அது உங்களுடையது. கல்யாணமா, கிரயமா, வாக்குமூலமா, எல்லாவற்றுக்கும் அதே பச்சை. 'இது என் கையெழுத்து இல்லை' என்று சொல்லும் உரிமையைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பொய் சொல்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கு அது தேவை என்று அவையில் ஒருவர் கேட்டார். எதிர்த்து யாரும் எழுந்திருக்கவில்லை.

பேரெண் பிறந்த சடங்கில் மூன்று கணித சாட்சிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நவமணி டீச்சர். பாளையங்கோட்டையில் மகளிர் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் எண்ணியல் நடத்தி ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். கையெழுத்து வழக்கு எது வந்தாலும் நிபுணர் சாட்சியாக நீதிமன்றம் அவரைத்தான் கூப்பிடும். நாற்பத்தொரு வழக்குகளில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இந்தக் கையெழுத்தை மறுப்பவர், கணிதப்படி, பொய் சொல்கிறார்." 'கணிதப்படி'க்கு முன்னும் பின்னும் கொஞ்சம் நிறுத்துவார். நீதிபதிகளுக்கு அந்த நிறுத்தம் பிடித்திருந்தது. அவருக்கும்.

இருபத்தெட்டாவது வழக்கு பொன்னுத்தாயினுடையது. ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலி. நோயாளி ஒருவருக்கு மருந்து பத்து மடங்கு ஏறிவிட்டது, ஆள் பிழைக்கவில்லை. அளவைக் கூட்டச் சொன்ன குறிப்பில் பொன்னுத்தாயின் கையெழுத்து. "நான் போடல" என்றாள். பெட்டி பச்சை காட்டியது. டீச்சர் தன் வாக்கியத்தைச் சொன்னார். ஏழு வருடம் விழுந்தது. மூன்று முடிந்திருந்தது.

பொன்னுத்தாயின் கணவன் ஆவுடையப்பன் லேத் பட்டறை வைத்திருந்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீச்சர் வீட்டுக்கு வந்துவிடுவான். முதல் வருடம் வாசலில் நின்று ஏசினான். இரண்டாம் வருடம் கெஞ்சினான். மூன்றாம் வருடம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கணக்குக் கேட்க ஆரம்பித்தான். ஏசியபோதும் கெஞ்சியபோதும் அசையாத டீச்சர், கணக்குக் கேட்டதும் காபி கொடுத்தார்.

"ரெண்டு நம்பரைப் பெருக்குனா ஒரு நம்பர். அதைத் திரும்பப் பிரிக்க முடியாதுன்னு சொல்லுதீங்க. எங்க பட்டறையில ஒட்டுன எதையும் பிரிச்சிருவோம் டீச்சர்."

"எங்கே ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சாப் பிரிக்கலாம். இதுல தெரியாதே. ரெண்டுல வகு, மூணுல வகுன்னு போனா, சூரியன் அணைஞ்ச பிறகும் வகுத்துக்கிட்டே இருக்கணும்."

"ஓரத்துல இருந்து ஏன் வாரீங்க? நாங்க எந்த வேலையா இருந்தாலும் மொதல்ல சென்டர் எடுப்போம். மத்ததெல்லாம் பொறவுதான்."

டீச்சர் சிரித்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் சொன்னதற்குக் கணிதத்தில் ஒரு பழைய வழியே இருந்தது. நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் 8633 என்று எழுதினார்.

"இதோட சென்டர்னா வர்க்கமூலம். தொண்ணூத்தி ரெண்டு புள்ளி ஒம்பது சொச்சம். மேல தூக்கித் தொண்ணூத்தி மூணுன்னு வைங்க. அதோட வர்க்கம் 8649. இதைக் கழிச்சா?"

"பதினாறு."

"பதினாறு எதோட வர்க்கம்?"

"நாலு."

"தொண்ணூத்தி மூணுல நாலைக் கூட்டுங்க. அப்புறம் கழிங்க."

"தொண்ணூத்தி ஏழு. எம்பத்தி ஒம்பது." அவனே பெருக்கிப் பார்த்தான். 8633 வந்தது. தாளைத் திருப்பி நாட்காட்டியின் முன்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ரொம்ப சந்தோசப்படாதீங்க. ரெண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்து வீடா இருந்தாத்தான் இது பலிக்கும். பேரெண்ணோட ரெண்டு எண்ணும் ஒண்ணுக்கொண்ணு முகம் தெரியாத தூரத்துல இருக்கும். அதைச் செஞ்சவங்க அவ்வளவு முட்டாள் இல்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"எதை?"

"முட்டாள் இல்லன்னு சொல்லுதீங்கள்லா. பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. சடங்கின்போது சாட்சிகள் மூவரையும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு பித்தளைக் குடங்களைச் சுற்றிப் பெரிய மனிதர்களின் முதுகுகள் தெரிந்தன. முடிந்ததும் கையெழுத்துக் கேட்டார்கள். பந்தி போட்டாயிற்று என்று வேறு யாரோ சொன்னார்கள். போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதை அவனிடம் சொல்ல முடியாமல் மடிக்கணினியைத் திறந்தார். செய்து காட்டிவிட்டால் வாயை மூடுவான்.

வர்க்கமூலம் எடுத்தார். மேலே தூக்கினார். வர்க்கப்படுத்திப் பேரெண்ணைக் கழித்தார். மீதியாக முந்நூறு இலக்கமாவது வந்து திரையை அடைத்திருக்க வேண்டும்.

ஆறு இலக்கம்தான் வந்தது. 171396.

"இது எதோட வர்க்கம் டீச்சர்?"

அதற்குக் கணினி தேவைப்படவில்லை. "நானூத்திப் பதினாலு" என்றார். சொன்ன குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

ஆவுடையப்பன் கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "அப்ப எம் பொண்டாட்டி பொய் சொல்லல" என்றான்.

மறுநாள் டீச்சர் சென்னைக்குப் போனார். பேரெண்ணைப் பாதுகாக்கும் மெய்யெண் வாரியத்தின் தலைவர் டாக்டர் குலசேகரன், எண்ணியல் செம்மல், இலக்கக் காவலர், பகா எண் பாவலர். பட்டங்கள் மிகுந்துபோய்ப் பெயர்ப்பலகை சுவர் மூலையில் மடங்கி அடுத்த சுவரிலும் தொடர்ந்தது. எம்.எஸ்ஸி.யில் டீச்சருக்குப் பின்பெஞ்சு. டீச்சரின் நோட்டுகளால் தேறியவர் என்பதை எல்லா மேடையிலும் தவறாமல் சொல்லாமல் விடுவார். ஆனால் டீச்சரின் கணவர் இறந்தபோது பதினாறாம் நாள் வரை வீட்டோடு இருந்து எல்லாக் காரியமும் பார்த்தவரும் அவர்தான். அண்ணன் தம்பி இல்லாத டீச்சர் அதை மறக்கவில்லை.

"வா நவா. சாப்பிட்டியா?"

"ரெண்டாவது குடத்துல யாரு கையை விட்டா?"

குலசேகரன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பேரெண்ணைக் கணினியே ஒரு நொடியில் செய்திருக்கும். ஆனால் அதில் விழா எங்கே இருக்கிறது? சோழர் காலத்துக் குடவோலையை மீட்கிறோம் என்று இரண்டு பித்தளைக் குடங்கள் வைத்தார்கள். உருண்டைக்கு ஓர் இலக்கமாகக் குடத்துக்கு முந்நூற்று ஒன்பது உருண்டைகள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரமுகராகக் கையை விட்டு ஓர் உருண்டை எடுத்து, யாருக்கும் காட்டாமல் இயந்திரத்தின் வாயில் போடுவார். குடம் தரும் எண்ணுக்கு அடுத்து வருகிற பகா எண்ணை இயந்திரம் பிடித்துக்கொள்ளும். குடத்துக்கு ஒன்றாக இரண்டு பகா எண்கள்.

"வெள்ளிக்கிழமை. அமைச்சர் ஒன்பது மணிக்கு வரேன்னாரு. வந்தது ஒன்பது அம்பது. பத்தரைக்கு ராகுகாலம். முதல் குடம் முடியவே பத்து இருபத்திரெண்டு. ஒவ்வொருத்தரும் கையைக் குடத்துல வெச்சுக்கிட்டுப் போட்டோவுக்குத் திரும்பி நின்னா நான் என்ன பண்றது? மிச்சம் எட்டு நிமிஷம். ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன், முதல் பகா எண்ணுக்கு அடுத்த பகா எண்ணையே எடுத்துக்கப்பா, அதுக்கும் முந்நூத்தி ஒன்பது இலக்கம்தானேன்னு. பத்து இருபத்தொன்பதுக்குப் பெருக்கி முடிச்சோம்."

"அடுத்தடுத்த எண்ணைப் பெருக்கினா வர்க்கமூலத்துலயே மாட்டிக்கும். நம்ம சிலபஸ்ல இருந்தது குலசேகரா."

"நாலாவது யூனிட்" என்றார் குலசேகரன், தரையைப் பார்த்தபடி. "அதை நான் சாய்ஸ்ல விட்டுட்டேன்."

மூன்று கோடிப் பேரின் வீடும் கல்யாணமும் ஜெயிலும் அந்த சாய்ஸில் விட்ட யூனிட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. டீச்சருக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"அந்த ஆபரேட்டர் இப்ப எங்கே?"

"வேலையை விட்டுட்டான். ஒரு ஆஸ்பத்திரியில சிஸ்டம் மேனேஜரா இருக்கான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

குலசேகரன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். அலுவலகத்திலும் அவர் பொன்னாடைதான் போட்டிருப்பார்.

"பொன்னுத்தாய் வேலை பார்த்த அதே இடமா?"

"அந்தக் கேஸ் வந்தப்பவே எனக்கு ஒரு சந்தேகம்தான் நவா."

"சந்தேகம் வந்துட்டு என்னைக் கூண்டுல ஏத்துனியா?"

"நீ சொன்னாத்தானே நம்புவாங்க." அதை அவர் பாராட்டாகவே சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "தப்புதான். ரெண்டு நாள் கொடு. நம்ம ரெண்டு பேர் பேரையும் போட்டு நானே அறிவிக்கிறேன். அந்தப் பொண்ணை வெளியே கொண்டாந்துருவோம். எப்படி உடைக்கிறதுன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கொடு. செயலாளர் கேப்பாரு."

டீச்சர் எழுதிக் கொடுத்தார். அரைப் பக்கம். புரியட்டும் என்று 8633 உதாரணத்தையும் சேர்த்தார். பின்பெஞ்சுக்கு எழுதும்போது உதாரணம் சேர்ப்பது அவருக்குப் பழக்கம். கீழே இரண்டு பகா எண்களையும் வைத்துப் பிறர் கையெழுத்தை எப்படிப் போடலாம் என்று, ஆபத்து எவ்வளவு என்பது செயலாளருக்கு உறைக்க வேண்டுமே என்று, நான்கு வரி. குலசேகரன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்து கார் கதவைத் திறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. ஒரே பெயர்தான் இருந்தது. டீச்சருடையது.

'கணித சாட்சி நவமணியாகிய நான் பேரெண்ணை மீளாய்வு செய்தேன். அஃது அப்பழுக்கற்றது, அணுவளவும் ஐயத்திற்கிடமற்றது. ஆவுடையப்பன் என்னும் மனநலம் குன்றிய நபர் என்னை அச்சுறுத்திப் பிறழ்வாக்குமூலம் பெற முயல்வதால் இனி யான் எவரையும் சந்திப்பதற்கில்லை.' கீழே டீச்சரின் கையெழுத்து. பெட்டியில் வைத்துப் பார்த்தார். பச்சை.

தன் வாழ்நாளில் 'அஃது' என்று எழுதியதில்லை என்பதைத் தவிர மறுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அந்த அரைப் பக்கத்தைக் குலசேகரன் இந்த ஒருமுறையாவது ஒழுங்காகப் படித்திருக்கிறான். தொலைபேசியில் உதவியாளர்தான் எடுத்தார். "ஐயா பாராட்டு விழாவுல இருக்காங்கம்மா." யாருக்குப் பாராட்டு என்று டீச்சர் கேட்கவில்லை.

பொன்னுத்தாயின் மேல்முறையீடு அந்த வாரமே வந்தது. டீச்சர் கூண்டில் ஏறி, அறிக்கை தன்னுடையது இல்லை என்றார். அரசு வக்கீல் எழுந்தார்.

"அம்மா, கையெழுத்தை மறுக்கிறவங்களைப் பத்தி இதே கூண்டுல நீங்க ஒண்ணு சொல்லுவீங்க. ஞாபகம் இருக்கா?"

"பேரெண் உடைஞ்சிருச்சு. அந்த ரெண்டு எண்ணையும் இங்கேயே வாசிக்கிறேன். யார் வேணும்னாலும் பெருக்கிப் பாருங்க."

நீதிபதி கையைத் தூக்கினார். பேரெண்ணுக்கு எதிரான எந்தச் சான்றையும் எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அரைகுறைகள் வந்து நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று அந்தப் பிரிவை எழுதிக் கொடுத்ததே டீச்சர்தான். தீர்ப்பு மறுநாள் என்றார்கள். எப்படி இருக்கும் என்பதை வாயிற்காவலர்கூடச் சொல்லியிருப்பார்.

நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடை. ஆவுடையப்பன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"ஊருக்கே சொல்லிருவோம் டீச்சர். அந்த ரெண்டு நம்பரையும் நோட்டீஸ் அடிச்சு ஒட்டிருவோம்."

"ஒட்டினா, பொழுது சாயறதுக்குள்ள எவன் வீடும் அவன் பேர்ல இருக்காது. எவன் வேணும்னாலும் யார் கையெழுத்தையும் போட்டுக்கலாம்."

"என் வீட்டுல ஆளே இல்லயே டீச்சர். எம் பிள்ள மூணு வருசமா அவ சித்தி வீட்டுல கெடக்கா. வீடு யார் பேர்ல இருந்தா எனக்கென்ன?"

டீச்சர் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்கு உத்தரவை எழுத உட்கார்ந்தார். நீதிபதிகளின் நடை அவருக்கு மனப்பாடம்: வாக்கியத்துக்கு நான்கு 'மேற்படி' வேண்டும், ஒரு வாக்கியமாவது முடியாமல் நிற்க வேண்டும். 'மேற்படி பொன்னுத்தாய் குற்றமற்றவர். உடனே விடுவிக்கவும்' என்று முடித்தார். இரண்டு எண்களும் கையில் இருந்தன. நீதிபதியின் கையெழுத்தை, ஒரு கைப்பேசியால், போட்டார். அனுப்பினார்.

ஊருக்கு வெளியே இருந்த பெண்கள் சிறையில் கண்காணிப்பாளர் அம்மாளுக்கு உத்தரவைப் பார்த்ததும் வியப்பு. நீதிபதிக்குப் போன் போட்டார்.

"ஐயா, தீர்ப்பு மத்தியானம்னு சொன்னாங்க. அதுக்குள்ள விடுதலை உத்தரவு வந்திருக்கு."

"நான் இன்னும் எழுதவே..." என்று தொடங்கிய நீதிபதி நிறுத்தினார். ஏழு வருடமாக அவர் பச்சையைப் பார்த்து உள்ளே அனுப்பியவர்களின் எண்ணிக்கை அவருக்குத் தெரியும். போடவில்லை என்று சொன்னால் சட்டப்படி அவரும் பொய்யர். "பெட்டி என்ன காட்டுது?"

"பச்சைதான் ஐயா."

"பச்சைன்னா நான் போட்டதுதான்." சற்று யோசித்தார். "உத்தரவு நல்லா வந்திருக்கா?"

"ரொம்ப உருக்கமா இருக்கு ஐயா."

"ம். ஆகட்டும்."

அடுத்த நாள் ஒரு நாளிதழ் அவருடைய கருணையைப் பற்றித் தலையங்கம் எழுதியது. அவர் அதை மறுக்கவில்லை.

உத்தரவு வந்த அன்று பகல் ஒரு மணிக்குப் பொன்னுத்தாய் சிறை அலுவலக அறைக்கு வந்தாள். ஒரு துணிப்பை. காதோரம் நரை. கணவனைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். உத்தரவை எழுத்தர் வாசித்துக் காட்டினார்.

"குத்தமில்லைன்னு ஜட்ஜையாவா எழுதினாங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

ஆவுடையப்பனுக்குப் பொய் சொல்ல வராது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையே பொன்னுத்தாய்க்குப் போதுமாக இருந்தது.

"நான் போடாத கையெழுத்தால உள்ள வந்தேன். அவர் போடாத கையெழுத்தால வெளிய போணுமா?"

எழுத்தருக்கு அது புரியவில்லை. கேட்கவும் இல்லை. பெட்டியை முன்னால் தள்ளினார். "விடுதலையைப் பெத்துக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து. வெரலை வைம்மா."

பொன்னுத்தாய் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "வைக்க மாட்டேன்."

"வைக்கலன்னா வெளிய விட முடியாது."

"உள்ளயே இருந்துக்கிடுதேன். இனி எந்தப் பெட்டியிலயும் என் வெரல் படாது."

"நல்லா யோசிச்சுக்கோ. உன் சாமான் லிஸ்ட்டை எடுத்திட்டு வாரேன்" என்று எழுத்தர் உள்ளே போனார்.

"ஒரு வெரல்தான பொன்னு. பிள்ள சோறு திங்காமக் காத்துக் கெடக்கா."

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் டீச்சர் பக்கம் வந்து குரலைத் தணித்தான்.

"டீச்சர், நீங்களே போட்டுருங்களேன்."

டீச்சர் கைப்பேசியை எடுத்தார். பொன்னுத்தாயின் அடையாள எண் உத்தரவிலேயே இருந்தது. அதை அடித்தார். கட்டைவிரலால் ஒருமுறை தட்டினார்.

பெட்டியில் பச்சை விழுந்தது.

பொன்னுத்தாய் பெட்டியைப் பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்து தன் கைகளை வெளியே எடுத்துப் பார்த்தாள். எழுத்தர் தாளோடு திரும்பி வந்தார். "பாத்தியா, போட்டுட்டியே. இதுக்குப் போயி இவ்வளவு அடம்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆவுடையப்பன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் நிலைப்படியில் நின்றாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக டீச்சரை முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"என் கையெழுத்தைப் போட அன்னைக்கும் இவ்வளவு நேரந்தான் ஆச்சா, டீச்சர்?"